தலைத்தீபாவளிக்கு வந்த மிலிட்டரி மாப்பிள்ளை

என் வயசுக்காரிகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதுவது பரவாயில்லை. காகிதம் என் முகத்தைப் பார்க்காது.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு, மிலிட்டரியில் இருக்கிற பையன் தீபாவளி லீவில் வந்து இறங்கினான். ஆட்டோவிலிருந்து பெட்டியை இன்னும் இறக்கவில்லை. அதற்குள் எதிர்வீட்டு ஆள் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து, "இன்னாபா, எனக்கு இன்னா கொண்டாந்த?" என்று பெட்டியைத் தட்டிப் பார்க்கிறான். அவன் பின்னாலேயே இன்னொருவன், "எத்தினி பேர சுட்ட?" என்கிறான். அந்தப் பையன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அருவருப்பு என்றால் சாக்கடையைப் பார்த்து மூக்கைப் பொத்துவது மட்டும் இல்லை. நம் சொந்தக்காரர்களின் சில சிரிப்புகள் இருக்கின்றன, அதைக் கேட்டாலே எனக்கு அது வரும். அறுபது வருஷமாக வருகிறது.

எனக்கு அப்போது பத்து வயசு. ஆரணியில் எங்கள் வீட்டில் மூன்று குழித்தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு தறி, பெரியப்பா ஒரு தறி, மூன்றாவதில் கூலிக்கு ஒருவர். ஆவணியில் என் அக்காவைக் கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொடுத்தார்கள். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, அவரும் பட்டாளம். கல்யாணமான பதினைந்தாம் நாள் வடக்கே திரும்பிப் போனவர், தலைத்தீபாவளிக்கு லீவு வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பண்டிகைக்கு மூன்று நாள் இருந்தது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்திலிருந்தே கடைக்காரர், சாயம் போடுகிறவர், பஸ் கண்டக்டர் வரைக்கும், "நம்ம மாப்ளை மிலிட்டரி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். மாமா அவருக்கு மருமகன் இல்லை. தெருவில் காட்டுவதற்கு வாங்கிவந்த மாடு.

பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு இரும்புப் பெட்டி, அதன் மேல் வெள்ளை எழுத்தில் நம்பர். கையில் ஒரு எனாமல் குவளை, விளிம்பில் கொஞ்சம் பெயர்ந்து கறுத்திருக்கும். எதைக் குடித்தாலும் அதில்தான் குடிப்பார். அவர் கிட்டே வந்தால் பூட்ஸ் பாலிஷ் வாசனையும் ஏதோ ஒரு சிவப்பு சோப்பு வாசனையும் அடிக்கும். எங்கள் தெரு முழுக்கப் பட்டு நூலை வேகவைத்த தண்ணீர் ஓடுகிற தெரு. செத்த பூச்சி நாற்றம் எப்போதும் இருக்கும். அதில் பிறந்த எனக்கு அந்த சோப்பு வாசனை அதிசயமாக இருந்தது.

வந்த அன்றே கூட்டம் கூடிவிட்டது. பெரியப்பா பெட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"மாப்ளே, பொட்டி கனமா கீதே."

"கீது மாமா. நாலு பாட்டில். நீங்க எடுத்துக்கோங்க. என்னிய டாக்டர் தொடக்கூடாதுன்னு சொல்லிகிறாரு."

"டாக்டரா? பட்டாளத்துல டாக்டர் அப்டியா சொல்றான்? இன்னா மாப்ளே, பொண்ணு வூட்டுக்காரங்கள ஏமாத்தற?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அன்றைக்கு விட்டுவிட்டார்கள். மறுநாள் விடவில்லை. மாமனார் வீட்டில் ஒரு கிளாஸ் தொடாவிட்டால் அது அவமரியாதையாம். அவருடைய குவளையிலேயே ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் தடவை வாங்கிக்கொண்டு போய்க் கொல்லை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். நான் பார்த்தேன். இரண்டாம் தடவை பெரியப்பா அதைக் கவனித்துவிட்டு, கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்டுவார்களே, அந்த மாதிரி தாடையைப் பிடித்து உள்ளே விட்டார். அப்பா கையைத் தட்டினார். மாமா கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தார்.

"மிலிட்டரி வயிறு பாருடா, தயிர்சாத வயிறு!"

அந்த நாலு பாட்டிலையும் அவர்களே குடித்தார்கள். வெற்றிலைச் சாறும் ரம்மும் கலந்த அந்த வாய் நாற்றத்தோடு என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, ஆம்லெட் போட்டாரச் சொல்லு" என்பார்கள். சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன்.

மாமா உட்காருவதற்கு ஒரு இடம் கண்டுபிடித்து வைத்திருந்தார். மூன்றாவது தறிக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு, கண் வாசல் பக்கம். பகல் முழுக்க அங்கேதான். புது மாப்பிள்ளை கூடத்தில் நாற்காலி போட்டு உட்காராமல் தறிக்குழி ஓரத்தில் உட்காருகிறாரே என்று அம்மா அக்காவைக் கடிந்துகொண்டாள். எனக்கு மட்டும் காரணம் சொன்னார். பண்டிகைக்கு முன்னாலேயே தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வெடி வெடித்தது. மாமா அசையவில்லை, ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை. தறிக்காலைப் பிடித்த கை விரலெல்லாம் வெளுத்துவிட்டது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாப்பா, இந்தத் தறிச் சத்தம் எனக்குப் பிரச்சனையே இல்ல. மிதிய மிதிச்சா சத்தம் வரும்னு தெரியுது இல்ல? வெடியும் அப்டிதான். வரப்போவுதுன்னு தெரிஞ்சா தாங்கிக்குவேன். தெரியாம வெடிக்குது பாரு, அதுதான்."

அதற்கு முந்தின வருஷம் அவர் இருந்த இடத்தில் குண்டு விழுந்து, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். இது பின்னாளில் அக்கா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு ஒரு வேல செய்றியா? வாசல்ல நின்னுகினு, யாராச்சும் திரிய கொளுத்தக் குனிஞ்சா எனக்கு சொல்லு."

எனக்கு யாரும் பேசுகிற வேலை கொடுத்ததில்லை. கடைக்கு அனுப்பினால்கூட சாமானை எழுதிக்கொடுத்துதான் அனுப்புவார்கள். நான் வாசல்படியில் நின்றேன். யாராவது குனிந்தால் உள்ளே திரும்பி, "மாமா, சின்னது" என்பேன். "மாமா, சரம்" என்பேன். "பெருசு" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மூச்சை இழுத்துக்கொள்வார். வெடிக்கும். "சரி பாப்பா" என்பார். அவ்வளவுதான். மூன்று நாள் அப்படி ஓடியது. ஒரு தடவைகூட அவர் முகம் வெளுக்கவில்லை. இந்த ஏற்பாடு எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். அக்கா என்னைப் பார்த்து, "இவளுக்கு இவ்ளோ சத்தமா பேச வருமாடி?" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

தலைத்தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் கொல்லையில் மாப்பிள்ளைக்கு எல்லாரும் பார்க்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாசலில் தெருவே நிற்க அவர் கையால் முதல் சரத்தைக் கொளுத்த வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் வெடிக்கலாம். அப்பாவுக்கு அதுதான் கவலை. மாமா தறியோரம் ஒதுங்குவதை அவரும் கவனித்திருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் பெரியப்பாவிடம் புலம்பினார்: "நாளைக்கு தெருவே வந்து பாக்கும். சரம் வெடிக்கும்போது காத பொத்திகினு உள்ள ஓடினான்னா என் மானம் இன்னா ஆவறது? பேஜாரா கீது."

"ஏன் கவலப்படற? விக்கல் எடுத்தா இன்னா பண்றோம்? திடுக்குன்னு பயமுறுத்தினா நின்னுபுடுது இல்ல? பயத்த பயத்தாலதான் எடுக்கணும். காலைல நான் தெளிய வைக்கிறேன் பாரு."

யோசித்துப் பாருங்கள். சிக்கு விழுந்த பட்டிழையை மூச்சுக் காற்று படாமல், அரை நாள் ஆனாலும், ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிற கைகள் அவர்களுடையது. ஒரு இழை அறுந்தால் எச்சில் தொட்டு முடிச்சுப் போடுவார்கள். அந்தப் பொறுமையில் கால் பங்கு ஒரு மனுஷனிடம் காட்டத் தெரியவில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று. அவர்கள் அவரையே கேட்டிருந்தால் போதும். அன்று மத்தியானம் என்னிடம் மாமா, "காலைல சரம் நான்தான் கொளுத்தணுமாம். கொளுத்திடுவேன் பாப்பா. நெருப்பு என் கையில இருந்தா ஒண்ணும் ஆவாது. எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியும் இல்ல?" என்று சொல்லியிருந்தார். இதை நான் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அப்பா பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

விடியற்காலை கொல்லையில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். செங்கல் அடுப்பில் பெரிய அண்டா, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாமா கோவணத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா எண்ணெய் வைத்தாள். பெண்கள் ஆளுக்கொரு கேலி பேசினார்கள். அக்கா அண்டாவிலிருந்து செம்பில் மொண்டு விளாவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலைக்குச் சீயக்காய் போட்டதும் மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அப்போது பெரியப்பா மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து பூனை மாதிரி வந்தார். ஒரு கையில் நூல் சுற்றிய பெரிய வெடி, ஒரு கையில் பழைய எண்ணெய் டின். மாமாவின் முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளி வெடியை வைத்து, திரி மட்டும் வெளியே தெரிய டின்னைக் கவிழ்த்தார். குனிந்தார்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் வேலையே அதுதானே. வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்துக் கண்ணைச் சிமிட்டினார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் முந்தானையாலும் கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். இருபது முகம். என் தொண்டையில் "மாமா" என்கிற வார்த்தை பாதி வந்து நின்றது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

வெடித்தது. டின் கூரைக்கு மேலே பறந்தது.

மாமா கண் மூடியபடியே பாய்ந்தார். கைக்கு எட்டியது அக்கா. அவளை இழுத்துத் தரையில் போட்டு, அவள் மேல் கவிழ்ந்து, அவள் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டார். கால் அடுப்பில் இடித்து அண்டா சரிந்தது. கொதிக்கிற தண்ணீர் அவர் முதுகில் கொட்டியது. அக்காவுக்கு இடது முழங்கையில் மட்டும்தான் பட்டது. அவர் மூடியிருக்காவிட்டால் அவள் முகத்தில் கொட்டியிருக்கும். நான் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

அவர் எழவில்லை. "அசையாத, அசையாத" என்று அக்கா காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் வயசுக்காரிகளே, அப்போது அவர்கள் சிரித்தார்கள். கோவணம் அவிழ்ந்துவிட்டது என்று சிரித்தார்கள். ஒரு கிழவி, "இன்னாடியம்மா அவசரம் மாப்ளைக்கு!" என்றாள். அதற்கு ஒரு சிரிப்பு. முதுகில் ஆவி பறக்கிற ஒரு மனுஷனைப் பார்த்துச் சிரித்த அந்தச் சத்தம்தான் நான் முதலில் சொன்ன அருவருப்பான சிரிப்பு.

அக்கா அலறிய பிறகுதான் அப்பாவுக்கு ஏதோ உறைத்தது. உறைத்ததும் தப்பாகத்தான். "பொண்டாட்டியப் போட்டு அமுக்கறான் பாருடா! பைத்தியம்! புடிங்கடா!" மூன்று பேர் மாமாவைத் தோளில் பிடித்துத் தூக்கினார்கள். பிடித்த இடத்தில் தோல் அவர்கள் கையோடு வந்தது. ஒருவர் அதைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அம்மா என் பள்ளிக்கூட மைப்புட்டியை எடுத்துவரச் சொன்னாள். அப்போதெல்லாம் சுட்ட புண்ணுக்கு மைதான் ஊற்றுவார்கள். மாமா முருங்கை மரத்தடியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். முதுகு முழுக்க நீலம். உள்ளே ஆண்கள் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரியப்பா எலும்பை உறிஞ்சிக்கொண்டே கொல்லையைப் பார்த்து, "இன்னா மாப்ளே, பயம் தெளிஞ்சுதா?" என்று கேட்டார். மாமாவின் எனாமல் குவளையை அவர்தான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ரம் தீர்ந்துபோயிருந்தது. அதில் வெற்றிலை எச்சில் துப்பினார். அதன் பிறகு பல வருஷம் அது அவருக்கு எச்சில் படிக்கமாகவே இருந்தது. எப்போது தொலைந்ததோ தெரியாது. தொலைந்தது நல்லது.

மத்தியானம் பஞ்சாயத்து மாதிரி கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமா சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டி நீலம் ஊறியிருந்தது.

"மாமா, நான் ஊருக்குப் போறேன். அவள என்கூட அனுப்புங்க."

"அனுப்பறதா? கட்டின பொண்டாட்டிய எல்லார் எதுர்லயும் தள்ளி, கைய வேக வச்சிகிற. பைத்தியத்துக்குப் பொண்ணு குடுத்துட்டு நான் முழிச்சிகினு கீறேன்."

அக்கா கட்டுப் போட்ட கையோடு வந்தாள். "அப்பா, அவரு என்னியத் தள்ளல. காப்பாத்தினாரு. வெடி வச்சது பெரியப்பா."

"நீ சும்மா இரு. புருஷன விட்டுக்குடுக்காம பேசற. நீ அவன் அடியில கெடந்த, உனக்கு இன்னா தெரிஞ்சிது?" என்றார் பெரியப்பா. "வெடி நாலடி தள்ளி வெடிச்சிது. தீபாவளிக்கு வெடி வைக்காம கற்பூரமா வைப்பாங்க?"

மாமா சுற்றிலும் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். மிரட்டிக் கேட்கவில்லை. வாசல்படியில் நிற்கும்போது பேசுவாரே, அதே குரலில் கேட்டார்: "பாப்பா, நீ பாத்த இல்ல?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் பாவாடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். யாரோ, "அது ஊமைக்கோட்டான், அத்தப் போய் கேட்டுகினு" என்றார்கள். சிரித்தார்கள்.

மாமா அந்தப் பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். முதுகில் வைக்க முடியாது, தலையில் வைக்கவும் முடியவில்லை, இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். தெருவில் சரம் சரமாக வெடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் தடவிய புது வேட்டி தாம்பாளத்திலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் அவர் அம்மா கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். பலகாரக்கூடை கையில். "எங்க, புள்ளையும் மருமவளும் இன்னும் வரலியேன்னு பாக்க வந்தேன்" என்றாள். அவர் ஊருக்குப் போகவே இல்லை.

அக்கா அந்த நிமிஷத்திலிருந்து சோறு தொடவில்லை. வழியில் இருக்கிற விவசாயக் கிணறுகளில் பாதாளக்கரண்டி விட்டுத் தேடினார்கள். ரயில் ரோட்டோரம் ஆள் அனுப்பினார்கள். அப்பாவும் தேடினார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது, "ஊரு இன்னா பேசும், நம்மளத்தானே சொல்லும்" என்பதுதான். பெரியப்பா, "மிலிட்டரிக்காரன் எங்கயாச்சும் குடிச்சிட்டு கெடப்பான்" என்றார். குடிக்காதவரைச் சொன்னார். குடித்தவர் சொன்னார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்லண்ட் லெட்டர் வந்தது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா, பெரியப்பா, அம்மா, அக்கா நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் நடுவில் நின்று படித்தேன்.

"நான் யூனிட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியில் ஸ்டேஷனில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மனசு மிகவும் கெட்டுப்போயிருந்தது. அப்புறம் இங்கே வருகிற வண்டியில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் வைத்து முதுகுக்கு மருந்து போடுகிறார்கள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பயப்படாதே. சாப்பிடு."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறார். லீவு பாதி மிச்சமிருக்க ஒரு மனுஷன் குண்டு விழுகிற இடமே தேவலை என்று ஓடியிருக்கிறார். அப்படி ஓட வைத்தது எங்கள் வீடு. எங்கள் பண்டிகை.

"அப்புறம் இன்னா எழுதிகிறான்?" என்றார் அப்பா.

கீழே இன்னும் நாலு வரி இருந்தது. "நான் உன்னைத் தள்ளவில்லை, காப்பாற்றத்தான் மேலே விழுந்தேன் என்பதைப் பாப்பா பார்த்தாள். பெரிய மாமா வெடி வைத்ததும் அவளுக்குத் தெரியும். யாரும் இல்லாதபோது மெதுவாகக் கேட்டால் சொல்லுவாள். சொல்லவில்லை என்று எனக்கு அவள் மேல் கோபம் இல்லை."

பெரியப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் லெட்டரை மடித்தேன்.

"அவ்ளோதான்பா."

அக்கா கையை நீட்டி அதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த நாலு வரியைப் படித்திருந்தால் என்னைக் கேட்டிருப்பார்கள். கேட்டு அடித்திருந்தாலும் உண்மை வெளியே வந்திருக்கும். என் அம்மாவாவது அக்காவை அனுப்பியிருப்பாள். நான் படிக்காததால் அக்கா மூன்று வருஷம் எங்கள் வீட்டில் நூல் கண்டு சுற்றிக்கொண்டு கிடந்தாள். மாமா எழுதிய லெட்டருக்கெல்லாம், "பைத்தியம் தெளிஞ்சப்புறம் வரட்டும்" என்று அப்பா என்னை வைத்தே பதில் எழுதினார். நானும் எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மெச்சினார். பெரியப்பாவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேனே, என் பங்கையும் எழுத வேண்டும் இல்லையா. அவர் துப்பிய குவளையைவிட எனக்கு அந்தக் கையெழுத்துதான் குமட்டுகிறது.

மூன்றாம் வருஷம் ஒரு நாள் காலையில் அக்கா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அவர் ஊருக்குப் போய்விட்டாள். மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார். ஊர் ஊராகக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். ரிட்டயராகி வந்து ஊரோடு தங்கினார்கள். பெண், பேத்தி எல்லாம் இருக்கிறார்கள். பைத்தியம் என்று சொன்னார்களே, அந்த மனுஷன் தன் பெண்ணை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை.

அக்கா ஒன்று செய்வாள். தீபாவளிக்கு முந்தின நாளே தட்டில் முறுக்கு எடுத்துக்கொண்டு அக்கம்பக்கம் ஒவ்வொரு வீடாகப் போவாள். "எங்க வூட்டுக்காரரு பட்டாளத்துல இருந்தவரு. வெடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுத்துட்டு வெடிங்கம்மா" என்று கேட்டுவிட்டு வருவாள். சின்னப் பிள்ளைகள்கூட, "தாத்தா, வைக்கப்போறோம்" என்று கத்திவிட்டுத்தான் கொளுத்தும். கேட்டால் செய்கிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். கேட்டால் செய்கிற காரியம். இவ்வளவு சின்னக் காரியம். உங்கள் வீட்டுக்கு, உங்கள் தெருவுக்கு லீவில் ஒருவன் வந்தால் அவனையே கேளுங்கள், உனக்கு எது வேண்டாம் என்று. கிளாஸை நீட்டாதீர்கள். எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்கிறவனை வாசலோடு அனுப்புங்கள். தனியாகப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கினால் விடாதீர்கள்.

இரண்டு மாசம் முன்னால் அக்காவும் மாமாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். மாமாவுக்கு எண்பத்தைந்து இருக்கும். என் மருமகள் காபி கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சீட்டுப் பணம் கட்ட வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா பையிலிருந்து அந்த இன்லண்ட் லெட்டரை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து பின்னால் காகிதம் ஒட்டியிருந்தது. பேத்தி பெட்டியை ஒழிக்கும்போது எடுத்துப் படித்துக் காட்டினாளாம்.

"கடைசி நாலு வரிய ஏன்டி படிக்கல?"

"நாலு பேரு இருந்தாங்கக்கா."

"மூணு வருஷம்டி."

மாமா சமாதானம் சொன்னார். "வுடு. சின்னப் புள்ள."

"எழுபது தாண்டிடுச்சுங்க அவளுக்கு. இன்னா சின்னப் புள்ள?" அக்கா லெட்டரை என் மடியில் வைத்தாள். "படி."

மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி நாலு வரியைப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமா கையைக் காதில் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். இப்போது அவருக்குக் காது மந்தம்.

"கேக்கல பாப்பா. சத்தமா."

மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். எதிர்வீட்டு ஆள் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தான். நான் நிறுத்தவில்லை.